பிபிஎல் மருத்துவச் சான்று: சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர் ஓசூரிலிருந்து எப்படித் தொடங்குவது?

ஓசூர்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில், உலோகத் தகடுகளை அழுத்தி வடிவமைக்கும் பிரஸ் ஷாப்பின் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். வயது 43. பேளகொண்டப்பள்ளி ஓடுதளத்தில் ஏறி இறங்கும் விமானங்களைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்த ஆசை இப்போது முற்றிவிட்டது. இதைப் பிழைப்பாக்கும் எண்ணம் சிறிதும் இல்லை. விடுமுறை நாட்களில் ஒரு சிறு விமானத்தைத் தானே ஓட்டும் அளவுக்குத் தனியார் விமானி உரிமம், அதாவது பிபிஎல், கிடைத்தால் போதும்.

எனக்கு நான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளது. இன்சுலின் இல்லை; காலையும் இரவும் மாத்திரை மட்டும். மைனஸ் இரண்டரை பவரில் கண்ணாடி அணிகிறேன், அண்மையில் படிப்பதற்கும் தனியாகக் கண்ணாடி தேவைப்படத் தொடங்கியுள்ளது. இரத்த அழுத்தம் இதுவரை சரியாகவே இருக்கிறது. அமெரிக்காவில் பொழுதுபோக்காக விமானம் ஓட்டும் என் மைத்துனர், அங்கே கார் ஓட்டும் உரிமம் இருந்தாலே போதும், மருத்துவச் சான்றெல்லாம் கேட்பதில்லை என்கிறார். இங்கே நான் விசாரித்த பயிற்சி நிலையமோ முதலில் முன்பணத்தைக் கட்டுங்கள், மருத்துவத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறது.

எங்கள் குடும்ப மருத்துவர் தரும் உடற்தகுதிச் சான்று செல்லுமா, சர்க்கரை என்ற ஒரே காரணத்துக்காக மறுத்துவிடுவார்களா, இந்தியாவில் மட்டும் ஏன் இவ்வளவு கெடுபிடி என்பவை என் ஐயங்கள். விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


காவேரிப்பட்டினத்தான் எழுதியது:

வணக்கம் அண்ணா. பெங்களூரில் பயின்று பிபிஎல் பெற்றவன் என்ற முறையில் நடைமுறையைச் சொல்கிறேன். சர்க்கரையைப் பற்றி மருத்துவர் யாராவது எழுதுவதே முறை.

முதலில் பணம். மருத்துவச் சான்று கைக்கு வரும் முன் எந்தப் பயிற்சி நிலையத்துக்கும் பெரிய தொகை கட்டாதீர்கள்.  தனியாகப் பறக்கும் கட்டத்துக்கு மாணவ விமானி உரிமம் வேண்டும், அதற்கு மருத்துவச் சான்று வேண்டும். பிபிஎல்லுக்குக் குறைந்தது 40 மணி நேரப் பறத்தல் தேவை என்பதால், பாதியில் நின்றுபோனால் இழப்பு சிறிதாக இராது. "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்பவர்களுக்கு அதில் நட்டம் ஒன்றும் இல்லை, நமக்குத்தான் நட்டம்.

உங்களுக்கு வேண்டியது கிளாஸ் 2 மருத்துவச் சான்று. வணிக விமானிகளுக்கு உரியது கிளாஸ் 1. குடும்ப மருத்துவர் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும் அவருடைய கடிதம் இங்கே செல்லாது. விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ அங்கீகரித்த கிளாஸ் 2 பரிசோதகர்களின் பட்டியல் அவர்களுடைய இணையதளத்தில் ஊர்வாரியாக இருக்கிறது, அதில் உள்ள ஒருவரிடமே செல்ல வேண்டும். நம் பக்கத்திலிருந்து போவோருக்குப் பெங்களூர்தான் கிட்டம். அத்திப்பள்ளி தாண்டும் நெரிசலைக் கணக்கில் கொண்டு, வெறும் வயிற்று இரத்தப் பரிசோதனைக்காக விடியற்காலையிலேயே கிளம்புங்கள். போவதற்கு முன் டிஜிசிஏவின் இணைய விண்ணப்பத் தளமான இ-ஜிசிஏவில் உங்கள் பெயரில் கணக்குத் தொடங்கி, அடையாளச் சான்றில் உள்ள அதே எழுத்துகளில் விவரங்களைப் பதிந்துவிட வேண்டும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு இனிஷியலும் ஆதாரில் வேறொன்றும் இருந்தால் அதை இப்போதே சரிசெய்யுங்கள், மருத்துவத்தைவிட அதுதான் அதிக நாள் இழுக்கும்.

பரிசோதனையில் இரத்தம், சிறுநீர், மார்பு எக்ஸ்ரே, ஈசிஜி, கண், காது மூக்கு தொண்டை ஆகியவை அடங்கும். காதுப் பரிசோதனை பலருக்குப் புதிதாக இருக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயை மூடி ஊதச் சொல்வார்கள். செவிப்பறை அசைகிறதா என்று மருத்துவர் கருவி வழியாகப் பார்ப்பார். அது அசையாவிட்டால், விமானம் கீழிறங்கும்போது செவிக்கு உள்ளும் வெளியும் அழுத்தம் சமமாகாது, வலி உயிரை எடுத்துவிடும். சளி பிடித்திருக்கும் வாரத்தில் பரிசோதனைக்குப் போகாமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

கண்ணைப் பற்றி அஞ்ச வேண்டாம். நம் விதிகளுக்கு அடிப்படையான ஐகாவோ (பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு) தரத்தில், கிளாஸ் 2-க்குத் தூரப்பார்வை ஒவ்வொரு கண்ணிலும் 6/12, இரு கண்களும் சேர்ந்து 6/9 இருக்க வேண்டும். அதைக் கண்ணாடி அணிந்தே எட்டலாம். ஒரு நாடு இதைவிடக் கடுமையாக்கலாமே தவிரத் தளர்த்துவது வழக்கமில்லை. கண்ணாடியுடன்தான் தகுதி என்றால் சான்றில் அவ்வாறே குறிப்பு வரும். பறக்கும்போது மாற்றுக் கண்ணாடி ஒன்றும் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தாக வேண்டும். உங்களுக்குத் தூரமும் கிட்டமும் இரண்டும் தேவைப்படுவதால், வெளியே அடிவானத்தையும் உள்ளே அளவைமானிகளையும் மாறி மாறிப் பார்க்க வசதியாக இரண்டையும் ஒன்றாகச் சேர்த்த கண்ணாடியை இப்போதே அணிந்து பழகுங்கள். ஒன்றைக் கழற்றி ஒன்றை மாட்டும் வேலை விமானத்தில் ஆகாது.

நீங்கள் பிரஸ் ஷாப்பில் இருப்பதாக எழுதியுள்ளீர்கள். உங்கள் கண்ணைவிடக் காதைப் பற்றியே எனக்கு ஐயம். ஆடியோமெட்ரி எனப்படும் செவித்திறன் பரிசோதனை எடுத்தால், 500, 1000, 2000 ஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் எந்தக் காதிலும் 35 டெசிபலுக்கு மேலும், 3000 ஹெர்ட்ஸில் 50 டெசிபலுக்கு மேலும் இழப்பு இருக்கக் கூடாது என்பது ஐகாவோ அளவு. இரைச்சலால் வரும் செவித்திறன் குறைவு பெரும்பாலும் 4000-ஐ ஒட்டித் தொடங்கிக் கீழே பரவும். ஆகவே இன்று தேறினாலும் நாளை என்னவாகும் என்பதை அந்த வரைபடமே காட்டிக்கொடுக்கும். இரவு ஷிப்ட் முடித்த கையோடு பரிசோதனைக்குச் செல்லாமல், ஒரு முழு நாளாவது இரைச்சலிலிருந்து விலகி இருந்து செல்லுங்கள்; இல்லையெனில் தற்காலிக மந்தமும் சேர்ந்து பதிவாகிவிடும்.


தருமபுரி மருத்துவர் எழுதியது:

நான் பொது மருத்துவன். டிஜிசிஏ பரிசோதகன் அல்லன். எனினும் கேள்வியின் மையம் சர்க்கரையாக இருப்பதால் எழுதுகிறேன்.

விமான மருத்துவத்தின் கேள்வி "இவர் நலமாக இருக்கிறாரா" என்பதன்று. "பறந்துகொண்டிருக்கும்போது இவர் திடீரெனச் செயலிழக்கும் வாய்ப்பு எவ்வளவு" என்பதே. இரு விமானிகள் உள்ள பயணிகள் விமானத்தில் ஒருவர் ஓராண்டுக்குள் அவ்வாறு செயலிழக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றைத் தாண்டக் கூடாது என்று பல நாடுகள் கொண்டுள்ள அளவுகோல் இந்தச் சிந்தனையிலிருந்தே பிறந்தது. தொப்பூர் கணவாயில் லாரி ஓட்டுபவருக்குத் தலை சுற்றினால் வண்டியை ஓரம் கட்டலாம். ஒற்றை எஞ்சின் விமானத்தில் தனியாக இருப்பவருக்கு ஓரம் என்று ஒன்று இல்லை. இதை மனத்தில் வைத்துப் படித்தால், விதிகளில் விசித்திரமாகத் தெரிபவை பலவும் புரிந்துவிடும். முழங்கால் தேய்ந்து நொண்டி நடப்பவர் தேறிவிடுவதும், பார்வைக்கு ஆரோக்கியமாக இருப்பவர் சிறுநீரகத்தில் ஓர் அமைதியான கல் இருப்பதால் தற்காலிகமாக நிறுத்தப்படுவதும் இதனால்தான். வெயிலும் கடினநீரும் உள்ள நம் மாவட்டங்களில் கல் உபாதைக்கு வருவோர் ஏராளம் என்பதால், உங்களுக்கு முன்பு அவ்வலி வந்ததுண்டா என்பதையும் நினைவுபடுத்திப் பாருங்கள். கல் அசையும்போது வரும் வலியில் யாராலும் எதையும் ஓட்ட முடியாது.

இப்போது சர்க்கரை. ஐகாவோ விதிப்படி இன்சுலின் எடுப்பவர் தகுதியற்றவர். இன்சுலின் இல்லாமல், உணவுக் கட்டுப்பாட்டாலோ, விமானப் பணிக்கு ஒவ்வும் மாத்திரைகளாலோ சர்க்கரை சீராக இருப்பது நிறுவப்பட்டால் தகுதி பெற இடம் உண்டு. ஆகவே நோயின் பெயரைக் கேட்டவுடன் கதவு மூடப்படுவதில்லை. "ஒவ்வும் மாத்திரை" என்ற சொற்களில்தான் விஷயம் இருக்கிறது. உங்கள் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் அது தனியாகச் சர்க்கரையை அபாய அளவுக்குத் தாழ்த்துவது அரிது. நம் ஊர்களில் மிகப் பரவலாக எழுதித் தரப்படுவதோ மெட்ஃபார்மினுடன் கிளிமிபிரைடு சேர்ந்த கூட்டு மாத்திரை. கிளிமிபிரைடு கணையத்தை இன்சுலின் சுரக்க உந்துவது. மாத்திரையை விழுங்கிவிட்டுக் காலை உணவைத் தள்ளிப்போட்டால், பத்து மணிக்கு வியர்வை, படபடப்பு, பிறகு முடிவெடுப்பதில் தடுமாற்றம் என்று வரிசையாக வரும். தடுமாறுபவருக்குத் தாம் தடுமாறுகிறோம் என்பதே தெரியாமல் போவதுதான் இதில் ஆபத்தானது. பரிசோதகர் முதலில் கேட்கப்போவது இதைத்தான்.

அதற்காகச் சான்றுக்கு ஒரு மாதம் முன்னால் நீங்களாக மாத்திரையை நிறுத்துவதோ மாற்றுவதோ கூடாது. உங்களுக்கு மருத்துவம் பார்ப்பவரிடம் நோக்கத்தைச் சொல்லி, தாழ்சர்க்கரை வராத மருந்துகளைக் கொண்டே கட்டுப்படுத்த முடியுமா என்று கேளுங்கள். மாற்றினால், அந்த மாற்றத்துக்குப் பின் உடல் நிலைப்பட்டதைக் காட்டும் எச்பிஏ1சி அறிக்கைகள் வேண்டும். அது இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது என்பதால், ஒரே வாரத்தில் எடுத்த இரு அறிக்கைகளால் பயனில்லை. கூடவே விழித்திரைப் பரிசோதனை, சிறுநீரில் அல்புமின், வயதையும் நோயையும் கருதி டிஎம்டி எனப்படும் நடைப்பட்டைப் பரிசோதனை ஆகியவற்றின் அறிக்கைகளையும் கோப்பாக எடுத்துச் செல்லுங்கள். கேட்ட பிறகு ஓடுவதைவிடக் கையில் வைத்திருப்பது நல்லது. இறுதி முடிவு டிஜிசிஏவின் மருத்துவப் பிரிவுடையது; பரிசோதகர் தம் கண்டறிதலை அனுப்புபவர் மட்டுமே.

மறைக்கலாமா என்ற எண்ணம் பலருக்கு எழுகிறது. விண்ணப்பத்தில் முன்வரலாறு குறித்துத் தெளிவாகக் கேட்டுக் கையொப்பம் வாங்குகிறார்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரையும் உணவுக்குப் பின் சர்க்கரையும் எடுக்கும் இடத்தில் சர்க்கரையை மறைக்க நினைப்பது முதலில் நடவாத காரியம். நடந்தாலும், பின்னாளில் ஒரு விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் புரட்டிப் பார்ப்பது அந்தத் தாளைத்தான்.


பென்னாகரம் டு டெக்சாஸ் எழுதியது:

மைத்துனர் சொன்னதில் பாதிதான் உண்மை. அமெரிக்காவில் மூன்று வழிகள் இருக்கின்றன, அவர் எதைச் சொல்கிறார் என்பது தெரியவில்லை.

வழக்கமான வழி மூன்றாம் வகுப்பு மருத்துவச் சான்று. 40 வயதுக்குள் 60 மாதமும், அதைக் கடந்தால் 24 மாதமும் செல்லும். இரண்டாவது, 2017 மே 1 முதல் நடைமுறையில் உள்ள பேசிக்மெட். இதில் விமான மருத்துவப் பரிசோதகர் தேவையில்லை. உரிமம் பெற்ற எந்த மருத்துவரும் குறிப்பிட்ட படிவத்தின்படி 48 மாதத்துக்கு ஒருமுறை பரிசோதித்தால் போதும், 24 மாதத்துக்கு ஒருமுறை இணையப் பாடம் ஒன்றையும் முடிக்க வேண்டும். ஆனால் 2006 ஜூலை 14-க்குப் பிறகு ஒருமுறையாவது எஃப்ஏஏ எனும் அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையத்தின் மருத்துவச் சான்று வைத்திருந்தவருக்கே இந்த வழி திறக்கும். மாரடைப்பு, வலிப்பு, சில மனநல நோய்கள் போன்றவை இருந்தால் அதற்கு முன் ஒருமுறை சிறப்பு அனுமதியும் பெற்றாக வேண்டும். மூன்றாவது, 2004-இல் வந்த ஸ்போர்ட் பைலட் உரிமம். கார் உரிமமே போதும் என்பது இதற்குத்தான் பொருந்தும். இதிலும் ஒரு பொறி இருக்கிறது: எஃப்ஏஏ மருத்துவச் சான்றுக்கு விண்ணப்பித்து அது கடைசியாக மறுக்கப்பட்டிருந்தால், கார் உரிமத்தைக் காட்டிப் பறக்க முடியாது. ஒருமுறைகூட விண்ணப்பிக்காதவருக்கு இருக்கும் வழி, விண்ணப்பித்துத் தோற்றவருக்கு அடைபட்டுவிடுகிறது. இந்த விதி எனக்கு இன்றுவரை நியாயமாகப் படவில்லை.

இன்சுலின் விஷயத்திலும் இங்கே நிலை வேறு. மூன்றாம் வகுப்புக்கு 1996 முதலே இன்சுலின் எடுப்போரைத் தனித்தனியாக ஆராய்ந்து அனுமதித்து வருகிறார்கள். 2019 முதல் பயணிகள் விமானம் ஓட்டுவோருக்கும், தொடர் குளுக்கோஸ் கண்காணிப்புக் கருவியின் பதிவுகளோடு, அந்த வாய்ப்பு உண்டு. ஆஸ்திரேலியா 2024-இல் கிளாஸ் 5 என்ற சுய அறிவிப்பு முறையைக் கொண்டுவந்தது. ஆக, உலகம் மெல்லத் தளர்த்திக்கொண்டுதான் வருகிறது. ஆனால் பேசிக்மெட் போன்றவை ஐகாவோ தரத்துக்குக் கீழே, அந்தந்த நாடு தன் எல்லைக்குள் செய்துகொண்ட ஏற்பாடுகள். அவற்றைக் காட்டி இந்திய வானில் ஓட்ட முடியாது. அமெரிக்க உரிமத்தை இங்கே மாற்றிக்கொள்ள வருபவரும் இந்திய மருத்துவச் சான்று பெற்றே ஆக வேண்டும்.

இந்தியா ஏன் தளர்த்தவில்லை என்றால், என் கணிப்பு இதுதான்: பொழுதுபோக்குக்காகப் பறப்பவர்கள் இங்கே மிகச் சிலர், அவர்களுக்காகக் குரல் கொடுக்க ஒரு பெரிய சங்கமும் இல்லை. பேசிக்மெட் அங்கே அதிகாரிகளின் தயவால் வந்ததன்று. விமான உரிமையாளர்களின் அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் நாடாளுமன்றத்தின் கதவைத் தட்டியதால் வந்தது.


ஓசூர்வாசி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. அட்டையைப் பார்த்தேன், மருத்துவர் ஐயா ஊகித்தபடியே மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரைதான். வரும் வாரம் என் மருத்துவரைச் சந்தித்து இதைப் பேசப்போகிறேன். முன்பணம் கட்டவில்லை.

இன்னும் ஒரே ஓர் ஐயம். என் சொந்த ஊர் பாலக்கோட்டை ஒட்டிய ஒரு கிராமம். சிறு வயதில் ஆழ்துளைக் கிணற்று நீரையே குடித்து வளர்ந்ததால் பற்களில் புளூரோசிஸ் எனப்படும், நீரிலுள்ள புளூரைடால் வரும் கறை உள்ளது. அண்மைக்காலமாகக் கழுத்தும் காலையில் சற்று இறுக்கமாக இருக்கிறது. இது தடையாகுமா?


தருமபுரி மருத்துவர் எழுதியது:

பற்கறைக்கும் பறத்தலுக்கும் தொடர்பில்லை. கறையைப் பார்த்துப் பரிசோதகர் கேட்டால் ஊரைச் சொல்லுங்கள், போதும்.

கழுத்து இறுக்கம் வேறு விஷயம். அதை அலட்சியம் செய்ய வேண்டாம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன் நம் மாவட்டத்தில் நிலத்தடி நீரிலேயே வாழ்ந்த தலைமுறையில், எலும்பிலும் தசைநார்களிலும் புளூரைடு படிந்து முதுகெலும்பு விறைத்தவர்கள் இருக்கிறார்கள். எலும்பு, மூட்டு, தசை ஆகியவற்றில் உள்ள கோளாறு விமானத்தைப் பாதுகாப்பாக இயக்குவதைத் தடுக்கக் கூடாது என்பதே விதி. சிறு விமானத்தில் அதன் பொருள் மிக எளியது: திரும்பும் முன் தலையை இருபுறமும் முழுமையாகத் திருப்பி வேறு விமானம் வருகிறதா என்று பார்க்க இயல வேண்டும், கால்களால், வாலில் உள்ள திசைதிருப்பியை இயக்கும் ரட்டர் மிதிகளை முழுத் தொலைவுக்கு அழுத்த இயல வேண்டும். வீட்டிலேயே நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து, தோளை அசைக்காமல், தாடை தோள்பட்டைக்கு நேராக வரும்வரை தலையைத் திருப்பிப் பாருங்கள். சிரமமின்றி வந்தால் கவலை வேண்டாம். பாதியில் நின்றாலோ, கைகளில் மதமதப்பு இருந்தாலோ, கழுத்துக்கும் முன்கைக்கும் எக்ஸ்ரே எடுத்து எலும்பு மருத்துவரிடம் காட்டிவிட்டுப் பிறகு பெங்களூர் செல்லுங்கள்.

இறுக்கத்துக்கென்று மருந்துக் கடையில் நீங்களே வாங்கி விழுங்கும் தசைத்தளர்வு மாத்திரைகளும், சளிக்கு எடுக்கும் தூக்கம் வரவழைக்கும் மாத்திரைகளும் பறக்கும் நாட்களில் ஆகவே ஆகா. சான்று கையில் இருந்தாலும், உடல் தகுதி குறைந்ததாகத் தாமே உணரும் நாளில் பறக்கக் கூடாது என்பதை விதியே விமானியின் பொறுப்பாக வைத்திருக்கிறது.


பாலக்கோடு ஆசிரியை எழுதியது:

இதே இழையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் மகள் பிளஸ் டூவில் இயற்பியல், கணிதம் படிக்கிறாள். வணிக விமானியாக விரும்புகிறாள். பள்ளி மருத்துவ முகாமில் நிறப்புள்ளிகளுக்குள் எண்ணைக் கண்டுபிடிக்கும் அட்டைகளில் சிலவற்றைத் தவறாகச் சொன்னாளாம். பெண்களுக்கு நிறக்குருடு வராது என்று சிலர் சொல்கிறார்கள். இதை எப்படி எடுத்துக்கொள்வது?


காவேரிப்பட்டினத்தான் எழுதியது:

பெண்களுக்கு அரிது, ஆனால் வராது என்பதில்லை அம்மா. முகாமில் வெளிச்சம் எப்படி இருந்தது, அட்டைகள் மங்கிப்போயிருந்தனவா என்பதைப் பொறுத்தும் முடிவு மாறும். அதை வைத்து மனம் தளர வேண்டாம்.

அட்டையில் தவறினால் உடனே தகுதியிழப்பு இல்லை. விமானப் போக்குவரத்தில் பயன்படும் நிறங்களையும் விளக்குகளையும் சரியாக அடையாளம் காண்கிறாரா என்று விளக்குச் சோதனை போன்ற அடுத்த கட்டச் சோதனையில் பார்ப்பார்கள். அதிலும் தவறினால் கிளாஸ் 1 கிடைக்காது. ஐகாவோ விதியில் கிளாஸ் 2-க்கு மட்டும், பகலில், கண்ணால் பார்த்துப் பறக்கும் விதிகளுக்கு உட்பட்டு என்ற கட்டுப்பாட்டோடு தகுதி தர இடம் உண்டு. அதாவது பொழுதுபோக்குக்குப் பறக்கலாம், பிழைப்புக்கு ஆகாது. நிறக் கண்ணாடியோ நிற லென்சோ அணிந்து அட்டையைக் கடப்பதை எங்கும் ஏற்பதில்லை. அப்படி விளம்பரம் செய்பவர்களிடம் பணம் கட்டிவிடாதீர்கள்.

மகளுக்கு முதலில் கிளாஸ் 2, அதன் பிறகே கிளாஸ் 1. முதல் கிளாஸ் 1 பரிசோதனை விமானப்படையின் மையங்களிலும் அங்கீகாரம் பெற்ற சில மருத்துவமனைகளிலும் நடக்கும். நமக்கு அருகில் இருப்பது பெங்களூர் பழைய விமான நிலையச் சாலையில் உள்ள விமானப்படையின் விமான மருத்துவ நிறுவனம். அங்கே தேதி கிடைக்கக் காத்திருக்க நேரும் என்பதால், கல்லூரிக்கோ பயிற்சி நிலையத்துக்கோ கட்டணம் செலுத்தும் முன், தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவில் ஒரு முறை நிறப்பார்வையை முறையாகச் சோதித்து எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.